பிரஷருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வியாதிகள்



வார்டுகளில் கட்டில் கட்டிலாகப் போய் வியாதியஸ்தரோடு பேசுவதும், அவர்கள் விரும்பினால் ஜெபிப்பதும் எங்கள் ஊழியம். அப்போது எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி பரலோகத்தைப் பற்றியதாக இருக்கும் என்று தாங்கள் நினைக்கலாம். அப்படியல்ல. "இந்தப் பிரஷர் மாத்திரையச் சாகுற வரைக்கும் முழுங்கணுமாய்யா?" என்பதுதான் அது. தென்காசிச் சந்தையில் மூடை தூக்குகிறவரும் கேட்கிறார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியையும் கேட்கிறார்.

எங்களுக்கு வைத்தியப் படிப்பு இல்லை. செமினரியில் படித்தது கிரேக்கமும் எபிரெயமும்தான். ஆனால் பல வருஷங்களாக டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போனதிலும், அவர்களிடம் விடாமல் கேள்வி கேட்டதிலும் சில காரியங்கள் விளங்கியிருக்கின்றன. அவற்றைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலோருக்குரிய பதில், ஆம், தொடர்ந்து சாப்பிடத்தான் வேண்டும் என்பதே. உயர் இரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் சுமார் தொண்ணூறு பேருக்கு, இதுதான் காரணம் என்று ஒன்றைத் தனியே எடுத்துக் காட்ட முடியாது. பரம்பரை, வயது, உடற்பருமன், சாப்பாட்டில் உப்பு, இவையெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. அவர்களுக்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் நடையுமே வைத்தியம். ஆனால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வேறு வகை. அவர்களுடைய சரீரத்தில் வேறொரு கோளாறு முதலில் வந்திருக்கும், அழுத்தம் அதன் பின்னால் வந்திருக்கும். இதற்கு 'இரண்டாம் நிலை இரத்த அழுத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது நல்ல பெயராக எங்களுக்குத் தோன்றவில்லை. புற்றுநோயில் சொல்வதுபோல 'இரண்டாவது ஸ்டேஜுக்குப் போய்விட்டது' என்று கேட்டு அழுத குடும்பங்களை நாங்கள் தேற்றியிருக்கிறோம். வியாதி முற்றிவிட்டது என்பதல்ல அதன் பொருள். முன்னால் ஒரு காரணம் நிற்கிறது, அதைக் கண்டுபிடித்தால் சிலருக்கு மாத்திரை குறையும், சிலருக்கு அடியோடு நின்றும் போகும் என்பதே பொருள்.

ஐந்து பேர், பத்துப் பேர் என்றால் சொற்பம் என்று தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக அது கண்டது. ஒரு கன்வென்ஷன் பந்தலில் ஆயிரம் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால், அந்தக் கணக்கின்படி அவர்களில் 355 பேருக்குப் பிரஷர். அதில் ஏறக்குறைய 18 முதல் 35 பேர் வரை, காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டியவர்கள். பந்தலில் இரண்டு வரிசை முழுக்க அவர்களே உட்காரலாம்.

குளமும் கடைமடையும்

இரத்தக் குழாய்க்குள் அழுத்தம் மூன்று காரியங்களால் கூடும். இருதயம் வேகமாக அல்லது பலமாக இறைக்க வேண்டும், அல்லது குழாய்கள் சுருங்க வேண்டும், அல்லது குழாய்க்குள் இருக்கிற நீர் கூட வேண்டும். இந்த மூன்றையும் கவனித்து, நாள்தோறும் சரிசெய்துகொண்டிருக்கிற பெரிய அதிகாரி சிறுநீரகம். சிறுநீரை வெளியேற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம் எடைதான். ஆனால் இருதயம் இறைக்கிற இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவு தவிர மற்றதையெல்லாம் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளுகிறது.

நம் பக்கத்து வழக்கத்தில் சொன்னால் எளிதாக விளங்கும். குற்றாலத்து மலையில் பிறக்கிற சிற்றாறு, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் சேருகிறது. வழியில் அணைக்கட்டுகளில் தண்ணீரைத் திருப்பி, கால்வாய் வழியாகக் குளங்களுக்கும், குளத்து மடை வழியாக வயல்களுக்கும் கொண்டுபோகிறார்கள். கடைமடையில் ஒருவருடைய வாய்க்காலில் மாத்திரம் மண் சரிந்து அடைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். குளம் நிறைந்துதான் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. தம்முடைய பயிர் வாடுகிறது என்பதுதான் தெரியும். 'குளத்தில் தண்ணீர் இல்லைபோல, மடையை இன்னும் திறங்கள்' என்று ஆள் அனுப்புகிறார். மடை முழுதும் திறக்கப்படுகிறது. அடைபட்ட வாய்க்காலிலும் கொஞ்சம் கூடுதலாகக் கசிகிறது, அவர் பயிர் பிழைக்கிறது. மற்றவர் வயல்களில் வரப்பு உடைகிறது.

சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கினால் நடப்பது இதுவே. இருதயத்துக்கும் மூளைக்கும் தாராளமாக இரத்தம் போய்க்கொண்டிருக்கும். சிறுநீரகத்துக்கு மாத்திரம் குறைவு. அது, சரீரம் முழுவதும் இரத்தம் குறைந்துபோயிற்று என்று எடுத்துக்கொண்டு கூப்பாடு போடுகிறது. அந்தக் கூப்பாடு 'ரெனின்' என்னும் பொருளாக இரத்தத்தில் கலக்கிறது. ரெனின், கல்லீரல் உண்டாக்கி வைத்திருக்கிற ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டு நுரையீரலில் இன்னொரு முறை வெட்டுப்பட்டு 'ஆஞ்சியோடென்சின்' என்னும் வலிமையான பொருளாகிறது. அது இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பி 'ஆல்டோஸ்டிரோன்' என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் இருக்கும். குழாயும் இறுகி, நீரும் கூடினால் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

இதை மனிதர் கண்டுபிடித்த வழி நீளமானது. 1898-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர், முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயலுக்குச் செலுத்தியபோது அழுத்தம் ஏறியதைக் கண்டார்கள். ரெனின் என்ற பெயர் அவர்கள் வைத்ததே. உலகம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1934-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர், நாய்களின் சிறுநீரகக் குழாயில் ஒரு சிறு வெள்ளிக் கிளிப்பை மாட்டி, குழாயை முழுதும் அடைக்காமல் நெருக்கி வைத்தார். நாய்களின் இரத்த அழுத்தம் ஏறி, ஏறியபடியே நின்றது. பழைய கேள்விக்கு அன்றுதான் உறுதியான பதில் கிடைத்தது.

அதற்குப் பின்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரஷருக்கெல்லாம் சிறுநீரகமே காரணம் என்ற உற்சாகத்தில், ஒரு பக்கத்துச் சிறுநீரகம் கொஞ்சம் சிறுத்திருந்தாலும் அதை அறுத்தெடுத்தார்கள். அநேகருக்கு அழுத்தம் குறையவில்லை, ஒரு சிறுநீரகம் போனதுதான் மிச்சம். ஆகையால் காரணத்தைத் தேடுவதிலும் நிதானம் வேண்டும் என்று எங்கள் டாக்டர்கள் சொல்வதை நாங்கள் ஒத்துக்கொள்ளுகிறோம். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் செய்கிற தேடுதலை எழுபது வயதுத் தாத்தாவுக்குச் செய்ய வேண்டியதில்லை.

அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. மேல்நாட்டு வயோதிகருக்குச் சிறுநீரகக் குழாய் சுருங்குவது கொழுப்புப் படிவதால். நம் நாட்டில் இளம் வயதினருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வேறொரு வியாதி அந்த வேலையைச் செய்கிறது. 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிதோ தகயாசு முதலில் விவரித்ததால் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. சரீரத்தின் பெரிய இரத்தக் குழாயான மகாதமனியும், அதன் கிளைகளும் காரணம் தெரியாமல் வீங்கிப் புண்பட்டு, பின்பு தடித்துச் சுருங்கும். ஜப்பானியருக்குக் கழுத்துக்கும் கைக்கும் போகும் கிளைகளில் அதிகமாக வருகிறது. இந்தியாவில் வயிற்றுப் பகுதியிலும் சிறுநீரகக் கிளைகளிலும் அதிகமாகக் காண்கிறார்கள். ஆகவே இங்கே அது பெரும்பாலும் பிரஷராகவே வெளிப்படும். கைக்குப் போகும் குழாயும் சுருங்கியிருந்தால் அந்தக் கையில் நாடி அகப்படாது. நாடி அகப்படாத கையில் பிரஷர் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ஒரு கையில் 110 காட்டுகிறது, மற்றக் கையில் 190 இருக்கிறது! முதல் தடவை இரண்டு கையிலும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனாலேதான். அரை நிமிஷ வேலை.

கலியாண வயதுப் பெண்ணுக்குப் பிரஷர் என்றால் வீட்டார் வெளியே மூச்சு விடமாட்டார்கள். மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததாக எங்களிடம் சொன்ன தாய்மார் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, ஊர்ப் பேச்சு அப்படி. ஆனால் இந்தப் பெண்களுக்குத்தான் மருந்தால் வீக்கத்தை அடக்கி, தக்க சமயத்தில் சுருங்கிய குழாயைப் பலூன் வைத்து விரித்துவிட வாய்ப்பு இருக்கிறது. காலம் கடந்தால் அந்த வாய்ப்புக் குறைந்துபோகும். வருஷக்கணக்காக உயர்ந்த அழுத்தத்தில் இருந்த மற்றச் சிறுநீரகத்தின் சிறு குழாய்களும் இறுகிவிடும். அப்புறம் அடைப்பைத் திறந்தாலும் அழுத்தம் இறங்காது. வாய்க்காலைத் தூர் வாரியாயிற்று, ஆனால் அதற்குள் மடைக் கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது என்று சொல்லலாம்.

வயோதிகரின் காரியம் வேறு என்றோம். அவர்களுக்குக் கொழுப்பு அடைப்பால் குழாய் சுருங்கினால், ஸ்டென்ட் வைப்பதால் மருந்தைவிட அதிக நன்மை பொதுவாக இல்லை என்று 900-க்கு மேற்பட்டவர்களிடம் செய்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2014-இல் காட்டியது. ஆகவே தங்கள் தகப்பனாருக்கு டாக்டர் 'மாத்திரையே போதும்' என்றால் பணத்துக்குத் தக்கபடி வைத்தியம் பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகள், நாம் சொன்ன அந்தக் கூப்பாட்டை நடுவழியில் மறிக்கின்றன. மிகவும் நல்ல மாத்திரைகள். இந்த வகையில் முதலாவது வந்த காப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்து 1981-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் இரண்டு சிறுநீரகக் குழாய்களும் சுருங்கியவருக்கு இதைக் கொடுத்தால், அதுவரை கூப்பாட்டினால் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்ச இரத்தமும் வடிகட்டியில் போதாமல் போய், சிறுநீரகம் சோர்ந்துவிடும். மாத்திரை தொடங்கி ஓரிரு வாரத்தில் 'கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்து வாருங்கள்' என்று டாக்டர் எழுதுவது இதற்காகத்தான். வீண் செலவு என்று அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். சில சமயம் அந்தப் பரிசோதனையிலேயே ஒளிந்திருந்த காரணம் பிடிபடுகிறது.

குழாய் சரியாக இருந்து சிறுநீரகமே கெட்டாலும் அழுத்தம் ஏறும், சொல்லப்போனால் அதுவே இன்னும் சாதாரணம். நீரிழிவு, பழைய கல், அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்று, இவற்றால் சிறுநீரகம் தழும்பேறி உப்பை வெளியேற்றும் சக்தியை இழக்கிறது. பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து ஓரிரு வாரத்திலோ, சொறி சிரங்கு சீழ் பிடித்து மூன்று வாரத்திலோ முகம் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகலாம். அந்தப் பிள்ளைக்குப் பிரஷர் ஏறி வலிப்புகூட வரலாம். தக்க வைத்தியத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பூரண சுகமடைகிறார்கள். சிரங்குதானே என்று விடுவதில்தான் ஆபத்து.

பிறவிக் கோளாறு ஒன்றும் உண்டு. மகாதமனி மார்புக்குள்ளேயே ஓரிடத்தில் கயிறு கட்டினாற்போல் குறுகியிருக்கும். கைகளில் அழுத்தம் அதிகம், கால்களில் குறைவு. தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்த்தாலே பாதி கண்டுபிடித்தாயிற்று. 1944-இலேயே ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராபோர்ட் இதை அறுவை செய்து சரிப்படுத்தினார்.

நாலு கிராம் சுரப்பியின் தொல்லை

அட்ரீனல் சுரப்பி நாலைந்து கிராம்தான் இருக்கும். அது தரும் தொல்லை மூன்று வகை.

முதலாவது, யாரும் கேட்காமலே ஆல்டோஸ்டிரோனைச் சுரந்து தள்ளுவது. கடைமடைக்காரர் ஆள் அனுப்பவே இல்லை, மடைக்காவல்காரர் தாமாகவே திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் 1954-இல் வந்தார். உயர் அழுத்தம், கைகால் தளர்ச்சி, தசைப்பிடிப்பு, இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. சுரப்பி ஒன்றில் கட்டி இருக்கும் என்று கான் கணித்தார். அறுவை செய்தபோது இருந்தது, எடுத்ததும் அவர் தேறினார். 1955-இல் இதை உலகத்துக்கு அறிவித்தார். அநேக வருஷங்கள் இது அபூர்வ வியாதி என்றே எண்ணப்பட்டது. தேடத் தேடத்தான், பிரஷர் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கும், பல மாத்திரைக்கும் அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் இது இருப்பது தெரியவந்தது. ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையே முதல் படி. ஒரு பக்கத்துக் கட்டி என்றால் அறுவை. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரையே கேட்கும்.

இரண்டாவது, சுரப்பியின் உள்பாகத்தில் தோன்றும் ஒரு கட்டி. நாம் பயப்படும்போது சுரக்கிற அட்ரீனலின் வகை ஹார்மோன்களை அது நினைத்த நேரத்தில் கொட்டுகிறது. திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, வேர்வை ஊற்றும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும், 'செத்துப்போவேன்' என்று அலறுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமில்லாததுபோல் எழுந்து உட்காருவார்கள். இப்படிப்பட்டவர்களைப் பிசாசு பிடித்தவர்கள் என்று சொல்லி எங்களிடம் ஜெபத்துக்கு அழைத்து வருவதுண்டு. நாங்கள் ஜெபிக்கிறோம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு அந்த நேரத்திலேயே பிரஷரும் பார்க்கச் சொல்கிறோம். பெரும்பாலும் அது மனச்சோர்வாகவோ பயமாகவோதான் இருக்கும், இந்தக் கட்டி மிகவும் அபூர்வம். ஆனாலும் 240 என்று காட்டுகிற ஒருவருக்கு, உபவாசக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருப்பது விசுவாசமாகாது என்பது எங்கள் அபிப்பிராயம். 1926-லேயே இந்தக் கட்டியை எடுக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். அறுவைக்கு முன் சில நாட்கள் தனி மருந்தால் குழாய்களைத் தளர்த்தி ஆயத்தம் செய்ய வேண்டும், அது தவறினால் மேஜையிலேயே ஆபத்து. ஆகவே அனுபவமுள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது, கார்ட்டிசால் மிகுதி. முகம் நிலாப்போல உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் செந்நிறக் கோடுகள் விழும். சுரப்பியோ, மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரியோ காரணமாக இருக்கலாம். ஆனால் நாங்கள் பார்க்கிறவர்களுக்கு அநேகமாகக் காரணம் கடையில் இருக்கிறது. அதற்கு வருகிறோம்.

பையில் இருக்கும் காரணம்

தென்காசி மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். மடியில் தட்டை வைத்து, குனிந்தபடி, நாளுக்கு ஆயிரம் பீடி. கழுத்தும் இடுப்பும் விட்டுப்போகும். மெடிக்கலில் போய் 'செட் மாத்திரை' என்று கேட்டால் இரண்டு மூன்று மாத்திரைகளைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். வலி பறந்துபோகும். மறுநாளும் வாங்குவார்கள்.

டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் முதலிய வலி மாத்திரைகள், சிறுநீரகத்தின் குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஒரு பொருள் உண்டாகாமல் தடுக்கின்றன. இரத்தம் குறைகிறது, உப்பு தங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையும் வேலை செய்யாமற்போகிறது. எனலாப்ரில் வகை மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைத் திடீரென்று சாய்த்துவிடக்கூடும். கோடையில் வாந்திபேதி வந்த சமயத்தில் இது இன்னும் சுருக்காக நடக்கும். பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றும் இருந்தால் மேலே சொன்ன நிலா முகம் சில மாதங்களில் வந்துவிடுகிறது. வாதத்துக்கு, ஆஸ்துமாவுக்கு என்று லேபிள் இல்லாமல் விற்கும் பொடிகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் தடாலடியாக நிறுத்தக்கூடாது, அதுவும் உயிருக்கு ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் நாட்டு மருந்து வாங்காமல் போவதில்லை. அதில் அதிமதுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை. எங்கள் பாடகர் குழுவிலும் அதுதான் வழக்கம். ஆனால் அதை வேளைக்கு ஒரு கரண்டி என்று மாதக்கணக்கில் பொடியாகச் சாப்பிடுவது வேறு. நம் சரீரத்தில் கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் ஒரே பூட்டுக்குப் பொருந்தும் இரண்டு சாவிகள். சிறுநீரகத்தில் கார்ட்டிசால் சாவியை முறித்துப்போட ஒரு காவலாளி இருக்கிறது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து அந்தக் காவலாளியைத் தூங்க வைத்துவிடுகிறது. அப்போது கார்ட்டிசாலே போய்ப் பூட்டைத் திறக்கிறது, உப்பு தங்கி, பொட்டாசியம் வெளியேறுகிறது. ஆல்டோஸ்டிரோன் கூடாமலே ஆல்டோஸ்டிரோன் வியாதி! 1940-களில் நெதர்லாந்தில் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த ஒரு மருத்துவர், வியாதியஸ்தரில் சிலருக்கு முகமும் காலும் வீங்கியதைக் கண்டு முதலில் எழுதி வைத்தார். நிறுத்தினால் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அறுவை இல்லாமல், செலவில்லாமல் நீங்கிப்போகும் பிரஷர் இது ஒன்றுதானோ என்று தோன்றுகிறது.

இடையில் ஒன்று. அருவியில் நின்றுவிட்டு வந்து பார்த்தபோது பிரஷர் கூடியிருந்தது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தோலின் குழாய்கள் சுருங்கி எவருக்கும் சற்று நேரம் ஏறும், பின்பு இறங்கும். அது வியாதியல்ல. ஏற்கெனவே அடங்காத அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரம் பேரருவியின் நடுவில் தலையைக் கொடுக்காமல் ஓரத்தில் நிற்பது நல்லது.

கருத்தடை மாத்திரைகள், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், தைராய்டு கூடுதலும் குறைவும், இவையும் அழுத்தத்தை ஏற்றும். குறட்டையையும் விட்டுவிடக்கூடாது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் சரீரம் மூச்சுத் திணறலில் திடுக்கிட்டு விழிக்கிறது. இரவெல்லாம் இப்படித் திடுக்கிட்டால் பகலிலும் அழுத்தம் இறங்குவதில்லை. கேட்டால் அவர் 'நல்லாத் தூங்கினேன்' என்பார். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

யாரைத் தேட வேண்டும்

நாற்பது வயதுக்குள் பிரஷர் வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் திடீரென்று மிக உயர்வாக வந்தவர்கள், நீர் பிரியும் மாத்திரை உட்பட மூன்று மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அடங்காதவர்கள், நன்றாக அடங்கியிருந்து காரணமில்லாமல் மறுபடி ஏறியவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், மேலே சொன்ன படபடப்பு உள்ளவர்கள். இவர்களில் ஒருவராகத் தாங்களோ தங்கள் வீட்டாரோ இருந்தால், 'இதற்கு வேறு காரணம் இருக்குமா டாக்டர்?' என்று கேட்பதில் தவறில்லை. 'ஒழுங்காகச் சாப்பிட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். அடங்காத பிரஷர் என்று வருகிறவர்களில் பலர், விசாரித்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்களே.

முதல் பரிசோதனைகளுக்குப் பெரிய செலவில்லை. இரண்டு கையிலும் அழுத்தம், காலில் நாடி, சிறுநீரில் புரதமும் இரத்தமும், கிரியாட்டினின், பொட்டாசியம், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். இவை தென்காசியிலேயே ஆகும். ஹார்மோன் பரிசோதனைக்கும் குழாய்ப் படத்துக்கும் திருநெல்வேலியோ மதுரையோ வேலூரோ போக வேண்டி வரலாம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படியிறங்க முடியாத எத்தனையோ பாட்டிமாருக்கு அது பேருதவி, அதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஆயினும் மாத்திரை வீடு தேடி வருகிற காலத்தில், இருபத்தெட்டு வயதில் ஏன் மாத்திரை என்று கேட்பதற்கு ஆள் குறைந்துபோகக்கூடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டர் முன்னால் போய் உட்காருவதை விடவேண்டாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பிரஷர் பார்க்கும்படி கேளுங்கள். பெரியவர்களுக்குச் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்குப் பெரிது, அளவைக் குறைத்துக் காட்டும். சிறிய பட்டை தனியாக இருக்கிறது.

போகும்போது ஒரு துணிப்பையில் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் போட்டுக்கொண்டு போங்கள். மெடிக்கலில் வாங்கிய பொட்டலம், நாட்டு மருந்துப் பொடி, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய சத்து மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த லேகியம் உட்பட. இதையெல்லாம் காட்டினால் டாக்டர் திட்டுவாரே என்று பாதியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம். அந்தப் பாதியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.